ஏழாவது எலும்பு

“நார்மலாத்தான் இருக்கு மேடம். காலரைக் கழட்டிரலாமா?” என்று டாக்டர் இளங்குமரன் கேட்கிறார். கழட்டலாம், கழட்டினால் நன்றாக மூச்சு விடலாம், தாடையை இடிக்கும் இந்தப் பிளாஸ்டிக் விளிம்பு போய்விடும், இதற்குமுன் யார் யார் கழுத்திலோ கிடந்து வேர்வை ஊறிப்போன இந்த வாடையும் போய்விடும், ஆனால் என் வாய் வேறொன்றைக் கேட்கிறது. “ஏழாவது தெரியுதா டாக்டர்?” அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது, குரல் கால்மாட்டிலிருந்து, கொஞ்சம் இடது பக்கமாக வந்தது. எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது கூரை மட்டும்தான். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, நெற்றிக்குக் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டி, பலகையோடு பலகையாகக் கிடத்தியிருக்கிறார்கள். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், என்னைக் கேட்டிருந்தாலும் இதையேதான் செய்யச் சொல்லியிருப்பேன். கூரையில் ஈரம் இறங்கிய கறை ஒன்று இருக்கிறது, அதன் ஓரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து தொங்குகிறது, கண்ணில் விழுந்தால் துடைத்துக்கொள்ளக்கூட முடியாது என்று வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். “ஒண்ணுல இருந்து எண்ணுங்க டாக்டர். கடைசியா எது தெரியுது?” எக்ஸ்ரே ஃபிலிம் வளையும் சத்தம் கேட்கிறது. எண்ணுகிறார். எண்ணட்டும். கழுத்தில் முதல் எலும்பு வளையம், இரண்டாவதில் பல் மாதிரி ஒரு முளை, அதற்குக் கீழே மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் ஒன்றுபோல அடுக்கு. “ஆறு வரைக்கும் தெரியுது மேடம். அதுக்குக் கீழ தோள் மறைக்குது.” “அப்பக் கழட்ட வேணாம்.” நடுங்காமல்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பேசும் குரல் அது, எத்தனையோ வருஷமாகப் பழகிய குரல், எனக்கே எலும்பு உடைந்திருந்தாலும் அதுபாட்டுக்கு வரும்போலிருக்கிறது. ஏழாவது தெரியாத படம் படமே இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கழுத்து உடைகிறவர்களில் நிறையப் பேருக்கு அங்கேதான் உடைகிறது, தோளுக்குப் பின்னால், வெள்ளையாக மூடிக்கிடக்கும் அந்த இடத்தில். அவர் வெளியே போகிறார், யாரையோ கூப்பிடுகிறார். கதவு திறந்து மூடுகிறது. திறந்த நேரத்தில் சிந்துவின் குரல் கேட்டது, “என்னாச்சு டாக்டர், அம்மாவுக்கு என்னாச்சு?” பிறகு கதவு மூடிக்கொண்டது.

நான் டாக்டர் வனஜா, தேனியில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறேன், ஊரில் பாதிப் பேரின் உள்ளே பார்த்திருக்கிறேன், முகத்தை அதிகம் பார்த்ததில்லை. என் அறை இருட்டு. படம் வரும், மூலையில் பெயரும் வயதும் இருக்கும், நான் பார்ப்பேன், எழுதுவேன், அடுத்தது. தென்னை மரத்திலிருந்து விழுந்த கழுத்து, கிணற்றில் தலைகீழாகக் குதித்த கழுத்து, நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போய் மோதிய கழுத்து. ஒவ்வொரு கழுத்திலும் நான்கு கோடு போட்டுப் பார்க்க வேண்டும், எலும்புகளின் முன்பக்கமாக ஒன்று, பின்பக்கமாக ஒன்று, அதற்கும் பின்னால் இரண்டு, கோடு எங்கேயாவது தட்டினால் அங்கேதான் சனியன். எதற்கோ சந்தைக்குப் போனவன் கோடு தட்டிப்போய் வந்திருப்பான். நான் ‘ஆறின்மேல் ஐந்து நகர்ந்திருக்கிறது’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவன் இப்படித்தான் கிடந்திருப்பானா, இப்படித்தான் ஒரு கறையைப் பார்த்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் தன் பெண்டாட்டி குரலைக் கேட்டுக்கொண்டு? கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்க்கிறேன். ஆடுகிறது. ஆடுகிறதா, ஆட்டுகிறேன் என்று நினைக்கிறேனா? பார்க்க முடியாமல் எப்படித் தெரியும். போர்வை உரசுகிறது, அப்படியானால் ஆடுகிறது. கை விரல்களை மடக்குகிறேன். கட்டைவிரல் சரி, ஆள்காட்டி விரல் சரி, வலது கை நடுவிரல் மட்டும் இன்னொருத்தருடைய விரல் மாதிரி இருக்கிறது. அது எந்த நரம்பு என்று எனக்குத் தெரியும், எந்த இரண்டு எலும்புக்கு நடுவிலிருந்து அந்த நரம்பு வருகிறது என்பதும் தெரியும், தெரியாதவளாக இருந்தால் விரலை உதறிவிட்டு, ‘விழுந்ததுல மரத்துப் போச்சு’ என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகக் கிடந்திருப்பேன். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே. தோள் மறைக்கிற இடம்.

எப்படி விழுந்தேன் என்று யோசித்தால் கறுப்பு நாய் ஒன்றுதான் ஞாபகம் வருகிறது, அதன் முகம்கூட வருகிறது, அது என்னைப் பார்த்தது. அண்ணன் மருமகளுக்கு வளைகாப்பு. காரை என் வீட்டுக்காரர் கோயம்புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், பஸ்ஸில் போகலாம் என்று சிந்து சொன்னாள், பஸ்ஸுக்கு எவ நிக்கிறது வெயில்ல, ஏறு வண்டியில என்று நான்தான் ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் வளைகாப்புக்கு வருவதாகச் சொன்னதே எனக்கு ஆச்சரியம். போன வருஷம் அவளுக்கு அப்படி ஆனதிலிருந்து பிள்ளை சம்பந்தப்பட்ட எதற்கும் அவள் வருவதில்லை, யார் வீட்டிலாவது தொட்டில் கட்டினால் அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. இன்றைக்கு வந்தாள். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “மெதுவாப் போம்மா” என்றாள். முகூர்த்தம் முடிஞ்சிரும்டி என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, “அம்மா, மெதுவாப் போயேன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” என்ன சொல்லப் போகிறாள், மாப்பிள்ளைக்கு ஓசூரிலிருந்து மாற்றல் வந்திருக்கும், இல்லை ரெண்டு பேருக்கும் சண்டையாக இருக்கும், அதைக் கேட்கத் தெம்பு வேண்டுமே என்று நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அப்போது நாய். ஹேண்டில் திரும்பியது, நான் முன்னால் போனேன், தலை மடங்கித் தரையில் குத்தியது, ஹெல்மெட்டுக்குள்ளே தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். சிந்து ரோட்டோர மண்ணில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள், எழுந்து ஓடி வந்தாள், முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல, நீ அசையாதே என்று கத்தினாள். என் மகள்தானே, அசையாதே என்று சொல்லத் தெரிந்திருக்கிறது.

கதவு திறக்கிறது. செருப்புச் சத்தத்தில் மூன்று பேர் என்று தெரிகிறது, ஒன்று சிந்துவுடையது, கொலுசுச் சத்தமும் சேர்ந்து வருகிறது. “அம்மா, நான் சேவுகன், எக்ஸ்ரே எடுக்கறவன்” என்று ஒரு முகம் என் கூரைக்குள் தலைகீழாக வந்து, மீசையைக் காட்டிவிட்டுப் போகிறது. “தோள இறக்கி இன்னொரு படம் எடுத்துருவோம்மா. நான் பொத்தான அமுக்கணும், கையப் பிடிச்சுக் கீழ இழுக்க இன்னொரு ஆள் வேணும். அட்டெண்டர் பிரசவ வார்டுக்குப் போயிருக்காப்ல.” ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்க வைத்து எடுக்கிற முறையும் இருக்கிறது, நீச்சலடிக்கிறவன் கை வீசுகிற மாதிரி, ஆனால் எந்த எலும்பு எப்படி நிற்கிறது என்று தெரியாமல் கையைத் தூக்கினால் உள்ளே எது எதன்மேல் ஏறுமோ. இழுத்தாலும்தான். இழுக்கும்போது சறுக்கி, ஒரு நூல் சறுக்கினால் போதும், பிறகு இந்தக் கட்டைவிரலை ஆட்டிப் பார்க்கிற வேலைகூட எனக்கு இருக்காது. சி.டி. ஸ்கேன் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் கிடையாது, என் சென்டரிலும் கிடையாது, மதுரைக்குத்தான் போகவேண்டும், எப்படிப்பட்ட கழுத்தோடு போகிறோம் என்று தெரியாமல் அந்த ரோட்டில் போவதா. “மெதுவா, மணிக்கட்டைப் பிடிச்சு, வெடுக்குனு இல்லாம இழுக்கச் சொல்லுங்க. விரல்ல கரண்ட் மாதிரி அடிச்சாச் சொல்றேன், உடனே விட்டுரணும்.” “நான் பிடிக்கிறேன்” என்கிறாள் சிந்து. அவள் கை என் கையைத் தொடுகிறது, ஐஸ்கட்டி மாதிரி இருக்கிறது. சேவுகன் சுவரிலிருந்து, கதிர் படாமல் மறைக்கும் ஈய அங்கியை எடுக்கிறார், அது கனமாகச் சரிகிற சத்தம் எனக்குத் தெரியும். “இந்தா தாயி, இதப் போட்டுக்க. கல்யாணம் ஆயிருச்சா? ஆயிருச்சுன்னா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காத. கேட்டுட்டுத்தான் உள்ள விடணும். மாசமா இருக்கியா?”

எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. என் சென்டரில் சுவரில் எழுதியே போட்டிருக்கிறேன். இல்லை என்று சொல்லிவிட்டு அங்கியை வாங்க வேண்டியதுதான். கொலுசு அசையவில்லை. என் கையைப் பிடித்திருந்த கை மெல்ல விலகுகிறது. திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், சின்ன வயதிலிருந்து அந்த முகத்தில் எதுவும் ஒளித்து வைக்க முடிந்ததில்லை. கழுத்து திரும்பப் பார்க்கிறது, உடம்பு முழுக்க அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது, பிளாஸ்திரி நெற்றியைப் பிடித்து இழுக்கிறது. “மேடம், அசையாதீங்க!” என்று இளங்குமரன் அதட்டுகிறார். கூரை. கறை. தொங்கும் சுண்ணாம்பு. “ஆமாங்க” என்கிறாள் சிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலச் சின்னக் குரலில். “எத்தன மாசம்?” “ரெண்டு முடிஞ்சிருக்கு.” “அப்ப நீ வெளிய போயிரு தாயி, அங்கி இருந்தாலும் நீ நிக்க வேணாம்” என்கிறார் சேவுகன், பெற்ற அப்பன் மாதிரி. கொலுசு போகிறது. கதவு. மெதுவாப் போம்மா. மெதுவாப் போயேன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் வேகமாகப் போனேன். அவள் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள், இடுப்பு தரையில் அடித்து உட்கார்ந்தாள், நான் அதைப் பார்த்தேன், சிராய்ப்பு என்றுதான் பார்த்தேன். “சிந்து!” என்று கூப்பிடுகிறேன், காலருக்குள் சத்தம் அமுங்கிப்போகிறது. “டாக்டர், அவளும் விழுந்திருக்கா. அவளப் பாக்கணும். மொதல்ல அவள.” “பாத்துரலாம் மேடம். இந்தப் படத்த எடுத்துக்கிறேன், உடனே பாத்துரலாம்.” அவரே அங்கியைப் போட்டுக்கொண்டு என் மணிக்கட்டுகளைப் பிடிக்கிறார், இழுக்கிறார், தோள் இறங்குகிறது, முதுகுக்கு நடுவில் எங்கேயோ ஒரு ஆணி கழன்ற மாதிரி வலி, நடுவிரல் திரி மாதிரி எரிகிறது, அடித்தால் சொல்கிறேன் என்று சொன்னேனே, சொல்ல வேண்டும், சொன்னால் விட்டுவிடுவார், விட்டால் படம் வராது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். “மூச்ச விட்டு அப்படியே நிறுத்துங்கம்மா.” நிறுத்துகிறேன். ட்ர்ர்ரக். அவ்வளவுதான். ஆயிரம் தடவை கேட்ட சத்தம், உள்ளே கிடந்து கேட்டால் ஒன்றுமே இல்லை. “முடிஞ்சது. மூச்சு விடுங்க.”

ஃபிலிம் வர நேரமாகும். இருவரும் வெளியே போய்விட்டார்கள். சிந்துவை வரச் சொன்னேன், வருகிறாளா தெரியவில்லை. போன வருஷம் அவள் படுத்திருந்தாள், நான் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரிடமும் போகவேண்டாம், நம்ம சென்டர் இருக்கும்போது எதுக்கு என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஜெல் சில்லுனு இருக்கும்மா என்று சிரித்தாள். கருவியை வயிற்றில் வைத்தேன். பை தெரிந்தது, பைக்குள் அது தெரிந்தது, அளந்தேன், நாள் கணக்குக்குச் சரியாக இருந்தது, நடுவில் துடிக்க வேண்டிய இடம் துடிக்கவில்லை. கோணத்தை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். எவ்வளவு நேரம் அப்படி மாற்றிக்கொண்டே இருந்தேனோ. அந்த நேரத்தில் நான் அம்மா இல்லை, யாரோ, பார்க்கிறவள். எதுவும் பேசவில்லை. பேச ஏதாவது இருக்கிறதா என்று திரையில் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு இந்தக் குரல் வந்தது, ஆஸ்பத்திரிக் குரல், “இதயத் துடிப்பு தெரியல. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவ பாத்துருவோம்.” சொல்லிவிட்டு அவள் வயிற்றில் இருந்த ஜெல்லைத் துடைத்தேன், எல்லாருக்கும் துடைத்துவிடுகிற அதே மாதிரி, டிஷ்யூ பேப்பரால், ஓரத்திலிருந்து நடுவுக்கு. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதாள், மாப்பிள்ளையிடம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

கொலுசு. வந்துவிட்டாள். “அம்மா.” “இங்க வா. என் மூஞ்சிக்கு மேல வந்து நில்லு, நான் உன்னப் பாக்கணும்.” வருகிறாள், தலைக்கு மேலே குனிகிறாள், மூக்கு தலைகீழாக, பூ தொங்குகிறது, கண்மை கரைந்திருக்கிறது. முகம் தலைகீழாக இருந்தால் படிக்க முடியவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. “வயிறு வலிக்குதா?” “இல்ல.” “ரத்தம் ஏதாவது பட்டுச்சா?” அவள் கண் ஒருமுறை விலகுகிறது. “லேசா. இப்பத்தான் பாத்ரூம் போனப்பப் பாத்தேன்.” எனக்குள் எல்லாம் எழுந்து நிற்கிறது, உடம்பு மட்டும் கிடக்கிறது. “ஏண்டி சொல்லல? இத்தன நாளா ஏன் சொல்லல?” “அதான் இன்னைக்குச் சொல்ல வந்தேன்.” “இன்னைக்கு இல்லடி. தள்ளிப்போன அன்னைக்கே.” அவள் என் நெற்றிப் பிளாஸ்திரியின் ஓரத்தைச் சும்மா நீவிவிடுகிறாள். பிறகு சொல்கிறாள், “சொன்னா நீ படுக்க வச்சுப் பாப்பம்மா.” “பாத்தா என்ன?” “பாத்துட்டு ஒண்ணும் பேச மாட்ட. போன தடவ நீ பேசாம இருந்தல்ல, அந்த நேரம். அது எனக்கு இன்னொரு தடவ வேணாம்மா. துடிப்பு இல்லன்னு சொன்னதுகூட இல்ல. அதுக்கு முன்னாடி நீ பேசாம இருந்த பாரு, உன் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தேன், உன் மூஞ்சியில ஒண்ணுமே இல்ல.” ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுகிறது, அவளுடையது. துடைக்கிறாள். என்ன சொல்வது, அந்த நேரத்தில் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்றா, உனக்காகத்தான் தேடினேன் என்றா, முகத்தில் ஏதாவது வந்துவிட்டால் நீ பயந்துவிடுவாய் என்றுதான் அதைப் பூட்டி வைத்தேன் என்றா? எல்லாம் உண்மைதான். அவள் பார்த்ததும் உண்மைதான். “இவரு வந்துக்கிட்டு இருக்காரும்மா. ஓசூர்ல இருந்து கிளம்பிட்டாரு” என்கிறாள், பேச்சை மாற்றுகிறாள்.

இளங்குமரன் ஃபிலிமோடு வருகிறார். நடையிலேயே தெரிந்துவிடுகிறது, நல்லதாக இருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பார். “எனக்குக் காட்டுங்க.” “மேடம், நீங்க ரெஸ்ட்…” “தூக்கிப் பிடிங்க டாக்டர். லைட்டுக்கு நேரா.” சிந்து ஒதுங்கிக்கொள்கிறாள். டியூப் லைட்டுக்குக் கீழே, என் கண்ணுக்கு மேலே, அவர் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். கறுப்பும் வெள்ளையும். யாருடைய கழுத்தோ போல இருக்கிறது, மூலையில் வனஜா என்று எழுதியிருக்கிறது, ஐம்பத்திரண்டு, பெண். ஒன்று முதல் ஐந்து வரை அடுக்கு சரி, வயதுக்கேற்ற தேய்மானம், அது போகட்டும், ஆறு, இதோ ஏழு, தெரிகிறது, தோளை இழுத்ததில் நன்றாகவே தெரிகிறது. முன் கோட்டை மேலிருந்து இறக்குகிறேன். ஆறில் வந்து தட்டுகிறது. ஏழின்மேல் ஆறு கொஞ்சம் முன்னால் நகர்ந்து நிற்கிறது. பின்னால் மூட்டுகளைப் பார்க்கிறேன், நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருக்க வேண்டும், ஒரு பக்கத்து ஓடு தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பூட்டிக்கொண்ட மூட்டு என்று நாங்கள் சொல்வது. தானாகத் திரும்பாது, யாராவது கழற்றினால்தான் உண்டு. நல்ல வேளை ஒரு பக்கம்தான், இரண்டு பக்கமும் என்றால் இங்கே கிடந்து இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டேன். படித்து முடித்துவிட்டேன். அடுத்த படம் இல்லை. இத்தனை வருஷமாக, படித்து முடித்ததும் நான் எழுந்து போய்விடுவேன், படத்துக்குள் இருக்கிறவர்கள் அங்கேயே கிடப்பார்கள். இப்போதுதான் பயம் வருகிறது, காலரின் விளிம்பு வரை வந்து அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. கழற்று, கழற்று, இதைக் கழற்று என்று யாரோ உள்ளே கத்துகிறார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. “ஆறு ஏழுல, வலது பக்கம் மூட்டு பூட்டியிருக்கு” என்கிறேன். “ஆமா மேடம். காலரக் கழட்டியிருந்தா…” அவர் முடிக்கவில்லை. ஃபிலிமை மெதுவாக இறக்குகிறார். “கழட்டலயே. விடுங்க. மதுரைக்குப் போன் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி இவளுக்கு ஸ்கேன்.” “சொல்லிட்டேன் மேடம். பிரசவ வார்டுல டாக்டர் மெஹருன்னிசா இருக்காங்க, வரச் சொல்லிட்டாங்க.” சிந்து போக மாட்டேன் என்கிறாள். உன்ன வண்டியில ஏத்திட்டுப் போறேன் என்கிறாள். “போடி” என்கிறேன். “நான் எங்க ஓடப்போறேன். இங்கதான் கிடப்பேன். போ.”

போய்விட்டாள். பிரசவ வார்டு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, எவ்வளவு தூரம், மாடியா கீழேயா. படியேறிப் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த டாக்டர் எப்படிப் பார்ப்பார், அவசரத்தில் பார்ப்பாரா, நிதானமாகக் கோணத்தை மாற்றுவாரா, என் கையில் கருவி இருந்தால், என் கையில் இருந்தால் நான் என்ன செய்துவிடுவேன், மறுபடி பேசாமல் இருப்பேன். இப்போது ஜெல் தடவுவார்கள். இப்போது திரை. லேசாக ரத்தம் என்றால் எத்தனையோ காரணம் இருக்கும், பாதிப் பேருக்கு ஒன்றும் ஆகாது, பாதிப் பேருக்கு என்றால் மீதிப் பாதி? இதையே நான் மற்றவர்களிடம் சொல்லும்போது முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். சுண்ணாம்பு தொங்குகிறது. கண்ணை மூடினால் திரை தெரிகிறது, போன வருஷத்துத் திரை, திறந்தால் கறை. மூக்கு அரிக்கிறது. அந்த டாக்டரம்மா இந்நேரம் பேசாமல் இருக்கிறாரா? பேசிவிடு தாயே, எதையாவது பேசு, உன் பேர் என்ன, எந்த ஊரு, புடவை நல்லாருக்கு என்று எதையாவது, என் பிள்ளை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

“மேடம், ஆம்புலன்ஸ் ரெடி. கிளம்பிரலாம்.” “என் பொண்ணு வரட்டும்.” “நேரம் ஆக ஆக விரல் மரத்துப்போறது கூடும் மேடம். உங்களுக்கு நான் சொல்லணுமா.” சொல்ல வேண்டாம். நடுவிரலோடு மோதிர விரலும் சேர்ந்துகொண்டிருக்கிறது, நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கிறது. “ரெண்டு நிமிஷம் டாக்டர்.” ரெண்டு நிமிஷம் தருகிறார்களா இல்லையா என்று தெரியவில்லை, சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டுகிறார்கள், கூரை நகர்கிறது. கறை என் தலைக்குப் பின்னால் போய்விட்டது. வாசற்படியில் ஏறி இறங்கும்போது சேவுகன் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறார், “பைய, பைய” என்கிறார். வராந்தா. ஒரு டியூப் லைட், ஒரு இருட்டு, ஒரு டியூப் லைட். யாரோ குழந்தையை அதட்டுகிறார்கள், டெட்டால் வாடை, வெளிச்சம் கூடுகிறது, வாசல் வந்துவிட்டது போல. கொலுசைக் கேட்கிறேன். கொலுசு இல்லை. வேறொரு சக்கரச் சத்தம் வருகிறது, கிறீச் கிறீச் என்று, பின்னாலிருந்து வேகமாக. யாரோ நோயாளி. பக்கத்தில் வந்து நிற்கிறது. “அம்மா.” சக்கர நாற்காலியா? எதற்குச் சக்கர நாற்காலி, நடந்து போனவளை ஏன் நாற்காலியில் கொண்டுவருகிறார்கள், உனக்கு ஒண்ணும் இல்லை என்றாயே. அவள் கீழே உட்கார்ந்திருக்கிறாள், நான் மேலே கிடக்கிறேன், அவள் முகம் என் கூரைக்குள் வராது, எழுந்தால்தான் வரும். “எந்திரிக்காத!” என்று கத்துகிறேன். “எந்திரிக்காதடி, அப்படியே இரு.” “எந்திரிக்கல. இந்தா, பாரு.” ஒரு கை மட்டும் விளிம்புக்கு மேலே வருகிறது, முழங்கையில் மருந்து தடவியிருக்கிறார்கள், விரல்களுக்கு நடுவே பளபளப்பான சின்னத் தாள். ஸ்கேன் படம். கறுப்பு, நடுவில் சாம்பல். என் கண் அதன்மேல் போய்விட்டது, பழக்கம், எந்த அளவு, எந்த ஓரம், எங்கே என்ன என்று போய்விட்டது. இறுக்கி மூடிக்கொள்கிறேன். “எனக்கு வேணாம் சிந்து. நான் பாக்கல. நீயே சொல்லு.”

அவள் பேசவில்லை. இவ்வளவு நீளமாக இருந்திருக்கிறது இந்த நேரம், அவள் போன வருஷம் இதற்குள் கிடந்திருக்கிறாள். தாள் மடங்குகிறது. அவள் கை என் தோளில் வந்து விழுகிறது. “துடிக்குதும்மா” என்கிறாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மூச்சு முட்டிக்கொண்டு, வேகவேகமாக, “பக்கத்துல கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்காம். கரைஞ்சிருமாம். நடக்கக் கூடாதாம், அட்மிட் பண்றாங்களாம், உன்கூட வர விட மாட்டேங்கிறாங்கம்மா, இவரு நேரா உன்கிட்ட மதுரைக்கு வந்துருவாரு, நீ தனியாப் போயிருவியா?” “போயிருவேன்” என்கிறேன். காலருக்குள் சத்தம் வரவில்லை, மறுபடி சொல்கிறேன். கண்ணை மூடியே இருக்கிறேன், தண்ணீர் ஓரமாக இறங்கி இரண்டு காதுக்குள்ளும் போகிறது, குடைகிறது, துடைக்க முடியவில்லை, துடைக்கச் சொல்லவும் இல்லை. “ஏத்துங்கப்பா” என்கிறார் இளங்குமரன். பலகையோடு தூக்குகிறார்கள், அவள் கை தோளிலிருந்து நழுவுகிறது, கால்பக்கம் முதலில் வெயிலுக்குள் போகிறது, பிறகு நான் முழுக்கப் போகிறேன். “அம்மா” என்று பின்னாலிருந்து கூப்பிடுகிறாள். “அது ரொம்ப வேகமாத் துடிச்சுச்சும்மா. அவ்வளவு வேகமாவா துடிக்கும்?”

“ஆமாடி” என்கிறேன், அவளுக்குக் கேட்க வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் கத்தி. “அவ்வளவு வேகமாத்தான் துடிக்கும்.”